பல் பதிந்த விசிறி

பெங்களூருக்குப் போய் வந்தவர்கள் லால்பாக் ரோஜாவைப் பற்றியும் அந்த ஊர்க் குளிரைப் பற்றியும் எழுதுவது வழக்கம். ரோஜாவை நான் பார்க்கவில்லை. குளிரைப் பற்றி வேண்டுமானால் நாலு வரி எழுதலாம். நான் போனது உளவு பார்க்க.

என் அக்கா மகள் கோமதிக்கு அந்த ஊரில் ஒரு வரன் வந்திருந்தது. பையன் பெயர் சம்பத். விமானத் தொழிற்சாலையில் வேலை. தகப்பனார் துரைசாமி, மோட்டார் ரிப்பேர் ஷெட் நடத்தி ஓய்ந்தவர். அவர்கள் திருச்சிக்கு வந்து பெண்ணைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நிச்சயதாம்பூலம்தான் பாக்கி. அதற்கு முன் பெண்ணின் தாய்மாமன் பையன் ஊருக்குப் போய் நாலு பேரிடம் விசாரித்து வருவது எங்கள் முறை. ஆனால் விசாரிக்க வந்தேன் என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. "ஒரு கேஸ் விஷயமா வந்தேன், அப்படியே உங்களையும் பாத்துட்டுப் போகலாமேன்னு..." என்று இழுக்க வேண்டும். அவர்களும் அதை நம்பிவிட்டது போல் "வாங்க, வாங்க" என்று சொல்ல வேண்டும். நான் வக்கீல் குமாஸ்தா. இந்த மாதிரிப் பொய் எனக்குச் சுலபமாக வரும்.

எங்கள் பக்கத்திலும் ஒரு விஷயம் இருந்தது. கோமதிக்கு வலது காது கேட்காது. சின்ன வயசில் வந்த காய்ச்சல் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. இடது காது நன்றாகவே கேட்கும். இதற்கு முன் வந்த வரன்களிடம் உள்ளதைச் சொன்னோம். அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்ததும் ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதிவிட்டார்கள். அதனால் இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. பெண் பார்க்க வந்த அன்று சம்பத் அவளுக்கு வலப்பக்கமாக உட்கார்ந்து ஏதோ கேட்டான். அவள் பதில் பேசாமல் தலையைக் குனிந்தபடியே இருந்தாள். "பொண்ணு எவ்ளோ அடக்கம்!" என்று பையனின் தாயார் லோகம்மாள் பூரித்துப்போனாள். நாங்களும் அடக்கம் என்றே வைத்துக்கொண்டோம்.

நான் ரயிலேறப் புறப்பட்டபோது கோமதி வாசல்வரை வந்தாள். "மாமா, என் காதைப் பத்தி அவங்ககிட்ட சொல்லிடுங்க. தெரிஞ்சு வேண்டாம்னா போகட்டும். தாலி கட்டினப்புறம் தெரிஞ்சா நான் அந்த வீட்ல எந்த முகத்தை வெச்சுக்கிட்டு இருப்பேன்?" என்றாள்.

"சொல்றேம்மா" என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு முன் அவர்களிடமும் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தேன். இரண்டு தட்டிலும் எடை இருந்தால் பேச்சு சமமாக இருக்கும். குறை இல்லாத குடும்பம் எங்கே இருக்கிறது? தேடினால் கிடைக்கும்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் பல் கிட்டியது. திருச்சியில் மார்கழியில்கூட நான் சால்வை போர்த்தியதில்லை. துரைசாமி காக்கி அரைநிஜாரும் கம்பளிக் கோட்டும் மப்ளருமாகப் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார்.

"வாங்க சார். நம்ம காரே எடுத்தாந்துக்கிறேன்" என்றார்.

கார் இருப்பதாக யாரும் எங்களிடம் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்லாதவன் இல்லாததையும் சொல்லமாட்டான் என்று எண்ணியபடியே வெளியே வந்தேன். காரைப் பார்த்ததும் ஏன் சொல்லவில்லை என்று புரிந்தது. பின்பக்கம் வெந்நீர் அண்டா மாதிரி ஓர் இரும்பு உருளை. அதிலிருந்து ஒரு குழாய் வண்டியின் கூரைமேல் ஏறி முன்னால் இறங்கியது. துரைசாமி உருளையின் மூடியைத் திறந்து ஒரு கூடை கரியைக் கொட்டினார். கீழே நெருப்பு வைத்தார். பிறகு பக்கத்தில் இருந்த கைப்பிடியை என்னிடம் காட்டினார்.

"இத்த கொஞ்சம் சுத்தறீங்களா சார்? காத்து போனாதான் கரி புடிக்கும்."

சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாக வருகிறவனை ஸ்டேஷன் வாசலில் துருத்தி சுற்ற வைப்பது எந்த ஊர் மரியாதை என்று தெரியவில்லை. சுற்றினேன்.

"யுத்தத்துல பெட்ரோல் கெடைக்கல பாருங்க, அப்ப மாட்டினது. பஸ்ஸுங்க எல்லாம் அப்ப கரிலதான் ஓடிச்சி. கரிப்புகைய புடிச்சி இஞ்சினுக்குள்ள உட்டா பெட்ரோல் மாதிரி எரியும். அஷ்டே, அவ்ளோதான்" என்றார்.

"யுத்தம் முடிஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சே. வெள்ளைக்காரனே போயிட்டான். இப்பத்தான் பெட்ரோல் கிடைக்குதே?"

"கெடைக்குது. ஆனா இதுவும் ஓடுதே சார்."

அல்சூர் தாண்டி ஒரு மேட்டில் அது ஓடவில்லை. "ஸ்வல்பம் எறங்கறீங்களா சார்?" என்றார். இறங்கித் தள்ளினேன். புகை முழுவதும் என் முகத்துக்குத்தான் வந்தது. சைக்கிளில் போன இரண்டு பேர் எங்களைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ பேசிச் சிரித்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "துரைசாமிகிட்ட இன்னிக்கி எந்த ஊரு ஆளு மாட்டினாரோன்றாங்க" என்று அவர் கொஞ்சமும் வெட்கமில்லாமல் மொழிபெயர்த்தார்.

தொம்மலூர் அப்போது ஊருக்கு வெளியே ஒரு கிராமம். ராகி வயல்களுக்கு நடுவே ஓட்டு வீடுகள். தெருவில் பாதிப் பேர் தமிழ் பேசினார்கள், பேச்சின் நடுவிலேயே கன்னடத்துக்குத் தாவி மறுபடி தமிழுக்கு வந்தார்கள். துரைசாமியின் வீடு சுத்தமாக இருந்தது. அளவுக்கு மீறிய சுத்தம். கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை, அதில் கோயில் கதவுக்குப் போடுகிற மாதிரி ஒரு பூட்டு. நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் கண்டதும் லோகம்மாள், "கை கால் கழுவிக்குங்கண்ணா, சாப்பாடு ஆறுது" என்று என்னைத் திருப்பிவிட்டாள். பூட்டை மனத்தில் குறித்துக்கொண்டேன்.

சாம்பார் தித்தித்தது. வெல்லம். எதையோ மறைக்கத்தான் ஒருவர் சாம்பாரில் வெல்லம் போடுவார் என்று எனக்குத் தோன்றியது. இந்த ஊரில் எல்லார் வீட்டுச் சாம்பாரும் அப்படித்தான் என்றாள் லோகம்மாள். எல்லாரும் மறைத்தால் அது வழக்கமாகிவிடும் போலும். பிறகு பந்து மாதிரி ஒரு ராகிக் களி உருண்டை வந்தது. மெல்லக்கூடாதாம், கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்க வேண்டுமாம். நான் மென்றேன். அது என் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம்வரை போகவில்லை.

சாயங்காலம் சம்பத் சைக்கிளில் வந்தான். நான் வாசலில் நின்றபடி, "வாங்க தம்பி, சௌக்கியமா?" என்றேன். அவன் என்னைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து உள்ளே போனான். எனக்கு முகம் சிவந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தகப்பனார் ஏதோ சொல்ல, ஓடி வந்து, "வாங்க சார்! எப்ப வந்தீங்க சார்!" என்று அடுத்த வயலில் இருப்பவனைக் கூப்பிடுகிற தொண்டையில் கத்தினான்.

குடிக்கிறான், என்று நினைத்தேன். பக்கத்தில் போய் மூச்சை இழுத்துப் பார்த்தேன். மெஷின் எண்ணெய் வாசனையும் மெழுகுவத்தி வாசனையும்தான் வந்தன.

மறுநாள் விடியற்காலையில் என் தலைமாட்டில் ஒரு தீக்குச்சி தானாக உரசிக்கொண்டு பற்றியது. நான் அலறிக்கொண்டு எழுந்தேன். முக்காலியில் ஒரு கடிகாரம், அதற்கடியில் ஸ்பிரிட் விளக்கு, மேலே ஒரு கெட்டில். மணி அடித்ததும் கடிகாரமே குச்சியை உரசி விளக்கை ஏற்றும். தண்ணீர் கொதித்ததும் கெட்டில் தானே சாய்ந்து டீத்தூள் போட்ட கிண்ணத்தில் ஊற்றும். இவ்வளவையும் துரைசாமி கதவருகே நின்று பெருமையாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே கெட்டில் சாய்ந்தது. கிண்ணம் சற்றுத் தள்ளி இருந்ததால் டீ என் மெத்தைக்குக் கிடைத்தது.

"ஒரு துரை வீட்டு ஏலத்துல எடுத்தது. வெள்ளக்காரங்க சீமைக்குப் போவசொல்ல இதெல்லாம் எடுத்துக்கினு போவல. கண்டுபுடிச்சவன் எவனோ, பாவம், மண்டைய ஒடச்சிக்கினு இருப்பான். இப்ப ஒருத்தருக்கும் வேணாம். நான்தான் எடுத்துக்கறேன்" என்றார்.

உபயோகமில்லாததைத் தேடிப் போய் வாங்குகிற குடும்பம். இதையும் குறித்துக்கொண்டேன். ஆனால் இதை ஒரு குறையாக வைத்து வாதாட முடியாது. இன்னும் பலமான சாட்சி வேண்டும்.

காலையில் காலாற நடப்பது போல் போய், தெருமுனையில் துணி தேய்க்கிறவரிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்த ஊரிலும் வீட்டின் உள்விவகாரம் தேய்ப்பவருக்குத் தெரியும்.

"நல்ல மனுசங்க சார். பொண்ணு வூட்டுக்காரரா நீங்க?" என்றார் அவர்.

"இல்ல, ஒரு கேஸ் விஷயமா..."

"செரி செரி. அந்தப் பையன்தான் கொஞ்ச நாளா ஒரு மாதிரி கீறான். நான் இங்க நின்னுக்கினு கூப்புட்டா அவன் அந்தாண்ட திரும்பிப் பாக்கறான். மின்ன அப்பிடி இல்ல."

"குடிப்பழக்கம் ஏதாவது?"

"சேச்சே! அத்தெல்லாம் சொன்னா என் வாய் அழுகிடும்."

சனிக்கிழமை என்பதால் சம்பத் மத்தியானமே வந்துவிட்டான். பஸ்ஸில் என்னைச் சிவாஜி நகருக்கு அழைத்துப் போனான். கறிக்கடை, ஜவுளிக்கடை, அத்தர் வாசனை, கோழி இறகு எல்லாம் ஒரே தெருவில் கலந்து கிடந்தன. அந்த நெரிசலில்தான் அவர்கள் ஏலம் எடுக்கிற கடை இருந்தது. போய்விட்ட துரைமார்களின் சாமான்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. மீசை நனையாமல் டீ குடிப்பதற்காக விளிம்பில் ஒரு தடுப்பு வைத்த கோப்பையை என் கையில் கொடுத்தார்கள். இதற்காக ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். பக்கத்திலேயே மீசையைச் சிரைத்துக்கொள்ளக் கத்தி இருந்திருக்குமே என்று நான் கேட்டேன். சம்பத் அதற்குச் சிரிக்கவில்லை. நான் அவனுக்கு வலப்பக்கம் நின்றிருந்தேன்.

கடைக்காரர் அவனைப் பார்த்ததும், "என்ன தம்பி, அந்த விசிறி வேல செஞ்சிதா?" என்று கேட்டார்.

"அப்புறம் பேசலாம் சாயபு" என்று சம்பத் என்னை அவசரமாக வெளியே இழுத்துக்கொண்டு வந்தான். ஒரு விசிறி வேலை செய்ததா இல்லையா என்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

அதை யோசித்துக்கொண்டே தெருவைக் கடக்கும்போது வலப்பக்கமிருந்து ஒரு ஜட்கா வந்தது. வண்டிக்காரர் கூவிக்கொண்டேதான் வந்தார். சம்பத் நின்றான், இடப்பக்கம் பார்த்தான், பிறகு நேராகக் குதிரையின் முன்னால் காலை வைத்தான். நான் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் கோமதியின் கல்யாணப் பேச்சு அந்தத் தெருவிலேயே முடிந்திருக்கும். வண்டிக்காரர் உருதுவில் நன்றாகத் திட்டினார். என்ன சொல்கிறார் என்று கேட்டதற்கு, "ஓரமா போவச் சொல்றாரு" என்றான் சம்பத். அவ்வளவு நீளமாக ஒருவர் ஓரமாகப் போகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எனக்கு ரயில். அன்று காலை துரைசாமி காருக்கடியில் படுத்திருந்தார். லோகம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். சம்பத் குளித்துக்கொண்டிருந்தான். பேப்பர் தேடுகிற சாக்கில் அவன் அறைக்குள் நுழைந்தேன்.

மேஜைமேல் ஒரு விசிறி இருந்தது. கறுப்பு, கிராமபோன் தட்டைப் போலக் கெட்டி. மடங்காது. நுனியிலிருந்து கைப்பிடிக்குக் கயிறுகள் கட்டி, வில் மாதிரி வளைத்திருந்தது. வீசிப் பார்த்தேன், காற்று வரவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது அதன் விளிம்பில் பல் பதிந்திருந்தது. மேல்வாய்ப் பல், வரிசையாக. ஒரு தடவை கடித்ததல்ல. பக்கத்தில் ஒரு பொட்டலம் பஞ்சு, பாதி எரிந்த மெழுகுவத்தி.

வலிப்பு வருகிறவர்கள் நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருக்கப் பல்லுக்கிடையில் எதையாவது கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். தெருவில் தடுமாறியது, கூப்பிட்டால் எங்கோ பார்ப்பது, தாயார் என்னை அங்குமிங்கும் பார்க்கவிடாமல் விரட்டுவது எல்லாம் பொருந்திவிட்டது. குறை வேண்டும் என்று தேடி வந்தவன்தான். ஆனால் கிடைத்தபோது சந்தோஷமாக இல்லை. கோமதிக்கு இந்த இடமும் போய்விட்டது என்பதுதான் முதலில் தோன்றியது. விசிறியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்து, மூட்டையைக் கட்டினேன். சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் கிளம்பிவிடலாம், ஜாதகம் பொருந்தவில்லை என்று எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன். எழுதுகிற முறை எனக்கு நன்றாகத் தெரியும்.

மத்தியானம் மூன்று பேரும் வரிசையாக இலையில் உட்கார்ந்தோம். நடுவில் சம்பத். அவனுக்கு இடப்பக்கம் துரைசாமி, வலப்பக்கம் நான். எனக்கு அந்தப் பக்கம் சமையலறை. உள்ளே லோகம்மாளின் கையிலிருந்து ஒரு தாம்பாளம் நழுவிக் கல்தரையில் விழுந்து உருண்டது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சம்பத்தும் திடுக்கிட்டான். ஆனால் அவன் சமையலறைப் பக்கம் திரும்பவில்லை. இடப்பக்கம், தகப்பனாருக்கு அப்பால் இருந்த வெறும் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

அந்தத் திரும்பலை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் அதைப் பார்த்துத்தான் வளர்ந்திருக்கிறோம்.

வலிப்பெல்லாம் என் மனத்தைவிட்டு ஓடியே போயிற்று. வலது காது! இவனுக்கும் வலது காது! கோர்ட்டில் எங்கள் வக்கீல் எதிர்த்தரப்புச் சாட்சி உளறியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். என்னிடம் கண்ணாடி இல்லை. கையிலிருந்த சோற்றை இலையில் வைத்தேன்.

"ஏங்க, ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்கக்கூடாது. தம்பிக்கு வலது காது கேக்காதா?"

துரைசாமி சாப்பிடுவதை நிறுத்தினார். லோகம்மாள் கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"எங்ககிட்ட இதைச் சொல்லவே இல்லையே" என்றேன். என் குரலில் எவ்வளவு நியாயம் ஒலித்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

"நான் சொன்னேன்ல? அவரு வர்றாரு, அத்த எடுத்துட்றான்னு நான் அப்பவே தலபாடா அடிச்சிக்கினேன்ல?" என்று லோகம்மாள் மகனைப் பார்த்துக் கத்தினாள்.

சம்பத் இடது கையை வலது காதுக்குக் கொண்டுபோனான். சுண்டுவிரல் நகத்தால் நெம்பி, ஒரு பஞ்சு உருண்டையை எடுத்தான். மெழுகில் தோய்த்து, காதின் அச்சாகவே இறுகியிருந்தது. அதை இலையோரத்தில் வைத்தான்.

"நல்லாவே கேக்கும் சார். நானா அடைச்சிக்கினேன். திருச்சிலேர்ந்து வந்ததுலேர்ந்து."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அன்னிக்கி உங்க வூட்ல ஒரு தட்டு கீழ வுழுந்துது பாருங்க. எல்லாரும் அந்தப் பக்கம் பாத்தீங்க. அவங்க மட்டும் எதிர்ப்பக்கம் பாத்தாங்க. அதுக்கு மின்ன நான் பேர் கேட்டேன், பதில் வரல. அம்மா வெக்கம்னாங்க. வெக்கப்பட்டா தல குனிவாங்க, தப்பான பக்கம் ஏன் திரும்பணும்? அப்பவே தெரிஞ்சிப்போச்சி சார். புடிச்சிருக்குன்னு சொல்றதுக்கு மின்னயே இவங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

அவர்கள் ரயிலேறுவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் மூன்று நாளாக இந்த வீட்டில் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"ஒரு பக்கம் கேக்கலன்னா எப்பிடி இருக்கும்னு பாக்கலாம்னு அடைச்சிக்கினேன். சத்தம் கேக்குது சார், ஆனா எங்கேர்ந்து வருதுன்னு தெரியல. தெருவுல நடக்கறதுதான் பயம். நேத்து ஜட்காவுல..."

"கல்யாணத்த வுட இவனுக்கு காதுதான் முக்கியமாப் போச்சிண்ணா. ஆராய்ச்சிப் பைத்தியம். அப்பனுக்கு கரி, புள்ளைக்கு பஞ்சு" என்றாள் லோகம்மாள்.

அவள் சொன்னது பொய்யில்லை. சம்பத் எழுந்து கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அந்த விசிறியைக் கொண்டுவந்தான். எதிரே ஒருவர் அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதே அவன் கண்ணில் படவில்லை. இரண்டு காதிலும் விரலை விட்டு இறுக அடைத்துக்கொண்டு, விசிறியின் விளிம்பை மேல்பல்லில் கடிக்கச் சொன்னான். யாரோ கடித்ததைக் கடிப்பதா என்று தயங்கினேன். துடைத்துக் கொடுத்தான். கடித்தேன். தாங்கிக்கொள்ளத் துரைசாமி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சம்பத் அந்தக் கறுப்புப் பரப்பின் நடுவில் அவருடைய பாக்கெட் கடிகாரத்தை வைத்தான்.

டிக் டிக் என்று கடிகாரம் என் மண்டைக்குள் நடந்தது. காது அடைத்திருக்கிறது, சத்தம் பல் வழியாக ஏறி எலும்புக்குள் கேட்கிறது. மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது.

"காது மந்தமான வெள்ளக்காரங்க பாட்டுக் கச்சேரிக்குப் போனா இத்த கடிச்சிக்கினு உக்காருவாங்களாம். பாக்கறவங்களுக்கு வெறும் விசிறியாட்டம் தெரியும். காது கேக்கலன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் துரைசாமி.

ஆக, மறைப்பதற்குச் சீமையிலேயே கருவி செய்திருக்கிறார்கள். எனக்கு அந்த விசிறிக்காரன்மேல் ஒரு சொந்தம் உண்டாயிற்று.

"இது கோமதிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஒதவாது சார்" என்றான் சம்பத், முகம் தொங்க. "ஒரு காது அடச்சி எல்லா விதத்துலயும் பாத்துட்டேன். ரெண்டும் மந்தமா இருக்கறவங்களுக்குத்தான் இது. அவங்களுக்கு ஒரு காது நல்லா கேக்குது. இதால ஒரு பிரயோஜனமும் இல்ல."

"நல்லா இருந்தாலும் என் மருமவ விசிறிய கடிச்சிக்கினு வாசல்ல நிக்கணுமா? அதெல்லாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் லோகம்மாள்.

"வேற ஒண்ணும் வேணாம் சார். அவங்களுக்கு எடது பக்கமா நான் நின்னா போதும். அவ்ளோதான் கண்டுபுடிச்சேன்" என்றான்.

அங்கேதான் அம்மாவுக்கும் பிள்ளைக்கும் பல நாளாக வழக்கு நடந்திருக்கிறது. தாலி கட்டும்வரை பெண் மாப்பிள்ளைக்கு வலப்பக்கம். கட்டியதும் இடப்பக்கம் மாறி உட்கார வேண்டும். பிறகு ஆயுசுக்கும் மனைவிக்கு இடப்பக்கம்தான். அப்படி அவனுக்கு இடப்பக்கம் அவள் இருந்தால் அவளுடைய கேட்காத காதுதான் அவன் பக்கம் இருக்கும். எத்தனையோ கல்யாணத்தில் மணையருகே நின்றிருக்கிறேன். கோமதிக்கு வரன் தேடிக்கொண்டே இருந்திருக்கிறேன். இந்தக் கணக்கு ஒரு நாளும் என் மண்டையில் உதித்ததில்லை. எங்கள் வீட்டில் அவள் திரும்பாவிட்டால் இன்னும் உரக்கக் கத்துவோம். எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று யாருமே பார்த்ததில்லை.

"நானும் ரொம்ப சண்ட போட்டேண்ணா. அப்புறம் இவன் அடச்சிக்கினு திரியறத பாத்து பாத்து எனக்கே மனசு கேக்கல. தாலி கட்டற வரைக்கும் வலப்பக்கந்தானே? அப்பிடியே உட்டுடலாம். மாத்தவே வேணாம். அய்யரு ஏதாவது சொன்னா நான் பேசிக்கறேன்" என்றாள் லோகம்மாள்.

துரைசாமி தணிந்த குரலில் கேட்டார். "ஏன் சார், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொல்லத்தான் வந்தேன்" என்றேன். அது உண்மைதான். அதைப் போலப் பொய்யாக என் காதுக்கு எதுவும் கேட்டதில்லை. எழுந்து கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். நான் அழுதேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

அங்கே அந்தப் பூட்டு மறுபடி கண்ணில் பட்டது. தலையைத் துவட்டிக்கொண்டே, "இதுக்குள்ள என்ன?" என்று கேட்டேன். லோகம்மாள் தலையிலடித்துக்கொண்டாள். நான் வருகிறேன் என்று தெரிந்ததும் புருஷன் ஏலத்தில் எடுத்து வந்த அத்தனை பழஞ்சாமான்களையும் வாரிப் போட்டுப் பூட்டியது அவள்தான். "வூடு பூரா குப்பன்னு நீங்க போயி சொல்லிட்டா எம் புள்ளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

சாயங்காலம் மறுபடி அந்தக் கரிக் கார்தான். இந்தத் தடவை கேட்காமலே கைப்பிடியைச் சுற்றினேன். மேடு வந்ததும் துரைசாமி வாயைத் திறப்பதற்குள் இறங்கிவிட்டேன். சம்பத்தும் என்னோடு தள்ளினான். காதில் இப்போது பஞ்சு இல்லை. ஒரு வார்த்தை சொல்வதற்காகச் சுற்றி எனக்கு இடப்பக்கம் வந்தான். "எடது பக்கமா நிக்கப் பழகிக்கறேன் மாமா" என்றான். ஸ்டேஷன் வரும்வரை அவன் என்னை மறுபடி சார் என்று கூப்பிடவில்லை.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடித்ததும் ஐயர் பெண்ணை இடப்பக்கம் மாறச் சொன்னார். லோகம்மாள் சொன்னபடி போய்ப் பேசிக்கொண்டாள். என்ன பேசினாளோ, ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

அந்தக் கல்யாணப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வரிசையாக இருக்கிற படங்களில் எல்லா மனைவிகளும் புருஷனுக்கு இடப்பக்கம். கோமதி மட்டும் வலப்பக்கம் நிற்கிறாள். வருகிறவர்கள் சும்மா இருப்பதில்லை. அந்தப் பார்வை எனக்குத் தெரியும், நானே தொம்மலூரில் மூன்று நாள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏன் பொண்ணு இந்தப் பக்கம் நிக்குது? போட்டோக்காரன் மாத்தி எடுத்துட்டானா?" என்று ஒருவர் கேட்பார். "ரெண்டாந்தாரமோ?" என்று இன்னொருவர் குரலைத் தாழ்த்துவார்.

போட்டோக்காரன்மேல் பழியைப் போடுவது எனக்கு ஒரு நிமிஷ வேலை. நான் போடுவதில்லை.

"எங்க கோமதிக்கு வலது காது கேக்காது. அதனால மாப்பிள்ளை அந்தப் பக்கம் நிக்கிறார்" என்று தெருவுக்குக் கேட்கிற குரலில் சொல்கிறேன்.